டிக்கெட் இல்லாம லண்டன் தெருவுலயே பிரிட்டிஷ் வரலாறு பார்க்கிறது எப்படி

லண்டன் வர்றவங்க பெரும்பாலும் அரண்மனை, டவர், மெழுகு பொம்மைன்னு லிஸ்ட் போட்டு ஓடறாங்க, க்யூவுலயே பாதி நாள் போயிடுது, கையில இருக்கிற காசும் போயிடுது. அதெல்லாம் பார்க்க வேணாம்னு சொல்லல. ஆனா இந்த ஊரு மக்கள் எப்படி வாழ்ந்தாங்க, எதுக்கு வரி கட்டினாங்க, எதுக்குப் பயந்தாங்க, போர்ல என்ன இழந்தாங்கங்கிறது எல்லாம் சாதாரண குடியிருப்புத் தெருவுல நடைபாதையிலயும் சுவர்லயும் அப்படியே கிடக்குது, பார்க்கத் தெரிஞ்சா போதும். எப்படிப் பார்க்கணும், எங்க பார்க்கணும், கேக்குற கதையில எதை நம்பலாம்ங்கிறதை இங்க எழுதறேன்.

ரெண்டே ரெண்டு பழக்கம் வேணும். ஒண்ணு, ஒரு வீட்டு முன்னாடி நின்னா முதல்ல தரை, அப்புறம் கதவு, அப்புறம் சுவர், கடைசியா கூரைன்னு கீழ இருந்து மேல கண்ணை ஓட்டணும், ஏன்னா நாம எல்லாரும் கடை போர்டு உயரத்துலயே பார்த்துட்டு நடந்து போயிடுவோம். ரெண்டாவது, டூர் கைடு சொல்ற கதை எவ்வளவு அழகா இருந்தாலும் அதுக்கான தடயம் எதிர்ல இருக்கான்னு பார்க்கணும். இந்த ரெண்டாவது பழக்கம் இல்லாததாலதான் தப்பான கதைகள் தலைமுறை தலைமுறையா ஓடிட்டு இருக்கு.

கொண்டு போக வேண்டியது பெருசா ஒண்ணுமில்ல. வசதியான ஷூ, சார்ஜ் இருக்கிற ஃபோன், கொஞ்சம் மெல்லிசான வெள்ளைப் பேப்பர், ஒரு கருப்பு மெழுகு க்ரேயான். பேப்பரும் க்ரேயானும் எதுக்குன்னு கீழ சொல்றேன். குளிர்காலம்னா இன்னும் நல்லது, மரத்துல இலை இருக்காது, சுவர் முழுசா தெரியும்.

தபால் பெட்டியில இருந்து ஆரம்பிங்க

புதுசா பழகறவங்களுக்கு இதை விட சுலபமானது கிடையாது. நாடு முழுக்க லட்சத்துக்கும் மேல சிவப்புத் தபால் பெட்டி இருக்கு, அது எந்த ராஜா ராணி காலத்துல வார்த்ததுன்னு பெரும்பாலும் அதுலயே எழுதியிருக்கும். பெட்டியோட முன்பக்கம் கிரீடத்துக்குப் பக்கத்துல பின்னின எழுத்து இருக்கும். வி ஆர்னு இருந்தா விக்டோரியா, 1901க்கு முன்னாடி. ஈ ஆர் எழுத்துக்கு நடுவுல ரோமன் ஏழு இருந்தா ஏழாம் எட்வர்ட், 1901ல இருந்து 1910 வரைக்கும். வெறும் ஜி ஆர், நம்பரே இல்லாம இருந்தா அது அஞ்சாம் ஜார்ஜ், 1910 முதல் 1936. நம்பர் ஆறு இருந்தா அவரோட மகன் ஆறாம் ஜார்ஜ். ரோமன் ரெண்டு இருந்தா எலிசபெத், இதுதான் எங்கப் பார்த்தாலும் நிக்கும். இப்ப இருக்கிற சார்லஸோட பெட்டி 2024லதான் முதல் தடவையா தெருவுக்கு வந்துச்சு, கேம்பிரிட்ஜ்ஷயர்ல கிரேட் கேம்போர்ன்ங்கிற ஊர்ல.

தேடிப் பிடிக்க வேண்டியது எட்டாம் எட்வர்டோட பெட்டி. 1936 ஜனவரியில ராஜா ஆகி டிசம்பர்ல, ரெண்டு தடவை விவாகரத்தான வாலிஸ் சிம்சனைக் கல்யாணம் பண்ணணும்னு பதவியை விட்டுட்டுப் போனவர், முடிசூட்டு விழாவே நடக்கல. அதனால அவர் பேர்ல செஞ்ச பெட்டி கொஞ்சம்தான். அந்தப் பெட்டியில ஈ ஆர் நடுவுல ரோமன் எட்டு இருக்கும், மூணு கோடு தெளிவா தெரியும். ஒண்ணைக் கண்ணால பார்த்துட்டீங்கன்னா அப்புறம் எந்தப் பெட்டியையும் சும்மா தாண்டிப் போக மனசு வராது.

இன்னொரு விஷயம் கவனிங்க. முதல் பெட்டி லண்டன்ல வைக்கல, 1852ல ஜெர்சி தீவுல வச்சாங்க, யோசனை சொன்னது தபால் துறையில வேலை பார்த்த ஆண்டனி ட்ரோலப், பின்னாடி பெரிய நாவலாசிரியர் ஆனவர். மறுவருஷம் கார்லைல் ஊர்ல மெயின்லேண்டோட முதல் பெட்டி வந்துச்சு. டார்செட்ல பார்ன்ஸ் கிராஸ்னு ஒரு குக்கிராமத்து ரோட்டோரம் 1850கள்ல வச்ச எட்டு மூலைப் பெட்டி இன்னும் லெட்டர் வாங்கிட்டு நிக்குது. ஆரம்பத்துல நிறைய பெட்டி பச்சை நிறமா இருந்துச்சு, பின்னணியோட கலந்து கண்ணுக்கே தெரியலன்னு ஜனங்க புகார் சொல்லி, 1874ல இருந்து சிவப்புக்கு மாத்த ஆரம்பிச்சு எல்லாத்துக்கும் அடிச்சு முடிக்க பத்து வருஷம் ஆச்சு.

ஸ்காட்லாந்து போனா எலிசபெத்தோட எழுத்தைத் தேடாதீங்க, வெறும் ஸ்காட்லாந்து கிரீடம் மட்டும்தான் இருக்கும். காரணம், முதலாம் எலிசபெத் இங்கிலாந்துக்குத்தான் ராணி, ஸ்காட்லாந்துக்கு இல்ல, அப்புறம் இவங்க எப்படி எங்களுக்கு ரெண்டாவது எலிசபெத் ஆவாங்கன்னு அங்க கொந்தளிச்சாங்க. எடின்பரோவுல இன்ச் பகுதியில 1952 நவம்பர்ல வச்ச பெட்டியில தாரைப் பூசினாங்க, சுத்தியலால அடிச்சாங்க, கடைசியா 1953 பிப்ரவரியில வெடி வச்சே தகர்த்துட்டாங்க. அரசாங்கம் இறங்கி வந்து எழுத்தையே எடுத்துடுச்சு. ஒரு தபால் பெட்டி ரெண்டு நாட்டோட உறவை இவ்வளவு நேரடியா காட்டுறது எனக்கு எந்த மியூசியத்துலயும் கிடைக்காத பாடமா தோணுது.

ஒரே எச்சரிக்கை, பெட்டியோட வயசை வச்சு தெருவோட வயசை முடிவு பண்ணாதீங்க. பெட்டியை இடம் மாத்துவாங்க, பழசைக் கொண்டு வந்து புதுத் தெருவுலயும் நிறுத்தியிருப்பாங்க.

தரையில இருக்கிற வட்ட இரும்பு மூடி

இஸ்லிங்டன், கென்சிங்டன், ப்ளூம்ஸ்பரி மாதிரி பழைய வரிசை வீடு இருக்கிற தெருவுல வாசப்படிக்கு நேரா நடைபாதையில சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு இரும்பு மூடி இருக்கும். சாக்கடை மூடின்னு நெனச்சு மிதிச்சிட்டுப் போயிடுவோம். அது நிலக்கரி கொட்டுற ஓட்டை. நடைபாதைக்கு அடியிலயே வீட்டோட நிலக்கரி அறை இருக்கும், கரிக்காரர் மூட்டையைக் கொண்டு வந்து மேல இருந்தே கவிழ்த்துட்டுப் போயிடுவார், வீட்டுக்குள்ள கால் வைக்க வேணாம், கம்பளம் அழுக்காகாது. வட்டமா செஞ்சதுக்குக் காரணம் எப்படித் திருப்பினாலும் மூடி உள்ள விழாது, சின்னதா செஞ்சதுக்குக் காரணம் திருடன் உள்ள இறங்க முடியாது, அதுக்கு மேல உள்பக்கம் சங்கிலி போட்டு மாட்டியும் வைப்பாங்க. மழையில வழுக்கக் கூடாதுன்னுதான் அதுல பூ, நட்சத்திரம், வளையம்னு மேடு பள்ளமா டிசைன் வார்த்திருக்காங்க. பல மூடியில பட்டறை பேரும் இருக்கும், பரோ பகுதியில இருந்த ஹேவர்ட் பிரதர்ஸ் பேரு அடிக்கடி கண்ணுல படும்.

இப்ப அந்தப் பேப்பரை எடுங்க. மூடியைத் துடைச்சு, பேப்பரை விரிச்சு, ஓரத்தை ஷூவால அழுத்திக்கிட்டு, க்ரேயானைப் படுக்க வச்சு மெதுவா தேய்ச்சா டிசைன் அப்படியே பேப்பர்ல வந்துடும். காலையில ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்துல செய்யுங்க, நடைபாதையை அடைச்சிக்கிட்டு உக்காராதீங்க.

இந்த ஓட்டைங்க எல்லாம் ஏன் ஒரே காலத்துல வேலையில்லாம போச்சுன்னா, 1952 டிசம்பர் 5ல இருந்து 9 வரைக்கும் லண்டனை மூடின கரும்புகை. வீட்டு அடுப்பு, மின் நிலையம் எல்லாம் கக்கின நிலக்கரிப் புகை பனியோட சேர்ந்து நகராம நின்னுடுச்சு, பஸ்ஸுக்கு முன்னாடி ஆள் விளக்கோட நடந்து வழி காட்ட வேண்டியதாச்சு. அப்ப சொன்ன கணக்கே 4,000 சாவு, பின்னாடி ஆராய்ஞ்சவங்க 12,000 வரைக்கும் போயிருக்கும்னு சொல்றாங்க. அதுக்கப்புறம்தான் 1956ல, வீட்டுல புகை கக்குற நிலக்கரி எரிக்கிறதைக் கட்டுப்படுத்தற சுத்தமான காற்றுச் சட்டம் வந்துச்சு. டிவியில பார்க்கிற, பிரதமர் இருக்கிற டவுனிங் தெரு பத்தாம் நம்பர் வீட்டோட கருப்புச் சுவர் கூட இந்தப் புகையோட மிச்சம்தான், 1960கள்ல பழுது பார்க்கும்போதுதான் அது உண்மையில மஞ்சள் செங்கல்னு தெரிஞ்சுது, ஜனங்க கருப்பாவே பார்த்துப் பழகிட்டாங்கன்னு சுத்தம் பண்ணிட்டு திரும்ப கருப்பு பெயிண்ட் அடிச்சுட்டாங்க.

வாசல்

இங்க ரெண்டு பொருளைத் தேடுங்க. படி ஓரத்துல முட்டிக்குக் கீழ ஒரு இரும்புப் பட்டை இருந்தா அது பூட்ஸ்ல ஒட்டின சேறையும் குதிரைச் சாணியையும் வழிக்கிறதுக்கு. கதவுக்குப் பக்கத்துல கம்பியில கவிழ்த்து வச்ச கூம்பு மாதிரி இருந்தா அது தீப்பந்தம் அணைக்கிறது. தெருவிளக்கு வர்றதுக்கு முன்னாடி ராத்திரியில பணக்காரங்களுக்குப் பந்தம் பிடிச்சுக்கிட்டு கூலிக்குப் பசங்க வருவாங்க, வீடு வந்ததும் அதுக்குள்ள செருகி அணைச்சுடுவாங்க. பெர்க்லி ஸ்கொயர்லயும் பாத் நகரத்துலயும் நல்ல நிலையில இருக்கு.

அடைச்ச ஜன்னல்: இங்கதான் ஏமாறுவோம்

செங்கல் வச்சு அடைச்ச ஜன்னலைக் காட்டினாலே எல்லாரும் ஜன்னல் வரின்னு சொல்லிடுவாங்க. வரி உண்மைதான். 1696ல மூணாம் வில்லியம் காலத்துல வந்துச்சு, 1851 வரைக்கும் இருந்துச்சு. ஆரம்பத்துல ஒவ்வொரு வீட்டுக்கும் ரெண்டு ஷில்லிங், பத்து ஜன்னலுக்கு மேல போனா கூடுதலா கட்டணும், அப்புறம் 1766ல ஏழு ஜன்னல்லயே வரி ஆரம்பம்னு இறக்கிட்டாங்க. வருமானத்தைக் கேட்டா ஜனங்க சண்டைக்கு வருவாங்க, ஜன்னலை வெளிய நின்னே எண்ணிடலாம், அதுதான் அரசாங்கத்தோட கணக்கு. வசதியானவங்க சமாளிச்சாங்க, அடிபட்டது ஏழைங்கதான், ஏன்னா பல குடும்பம் குடியிருக்கிற பெரிய கட்டடத்தை ஒரே வீடாக் கணக்கு பண்ணினாங்க, வரியை மிச்சம் பிடிக்க வீட்டுக்காரர் ஜன்னலை அடைச்சாரு, உள்ள காத்தும் வெளிச்சமும் இல்லாம நோய் பரவுச்சு. இந்த வரி ஒழியணும்னு டாக்டர்களே போராடினாங்க. பதிவேடு எல்லாம் படிக்கும்போது கோவம் வர்ற விஷயம் இது.

ஆனா எதிர்ல தெரியிற ஜன்னல் வரிக்காக அடைச்சதான்னு தெரிஞ்சுக்க மூணு விஷயம் பாருங்க. சுத்தி இருக்கிற சுவரோட செங்கலும் அடைச்ச செங்கலும் ஒரே நிறம், ஒரே வரிசையா ஓடுதா? அப்படின்னா கட்டும்போதே அப்படிக் கட்டினது, அந்தக் காலத்துல முகப்பு ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும்னு ஆசைப்பட்டு, உள்ள படிக்கட்டோ புகைபோக்கியோ வர்ற இடத்துல பொய் ஜன்னல் வைப்பாங்க. அடுத்து, மேல கூரையைப் பாருங்க, அந்த ஜன்னலுக்கு நேரா புகைபோக்கி நின்னா சந்தேகமே வேணாம், பொய் ஜன்னல்தான். செங்கல் வேற நிறம், சாந்து கரடுமுரடு, கீழ ஜன்னல் கல் மட்டும் பழசா தேஞ்சு நிக்குதுன்னா பின்னாடி அடைச்சது. அப்பவும் வீடு 1851க்கு முன்னாடி கட்டினதான்னு பார்த்துட்டுத்தான் வரின்னு சொல்லணும். நான் பார்த்த வரைக்கும் லண்டன்ல வரி வரின்னு காட்டுறதுல நிறைய வெறும் அழகுக்கு வச்சதுதான்.

செங்கல்லுக்கே தனியா வரி இருந்துச்சு, 1784 முதல் 1850 வரைக்கும். ஆயிரம் செங்கல்லுக்கு இவ்வளவுன்னு எண்ணிக்கை வச்சு வரி, அதனால லெஸ்டர்ஷயர்ல மீஷம் ஊர்ல ஜோசப் வில்க்ஸ்ங்கிறவர் ரெண்டு மடங்கு பெரிய செங்கல்லா சுட ஆரம்பிச்சார், அந்தச் செங்கல்ல கட்டின வீடு அந்த ஊர்ல இன்னும் நிக்குது. அரசாங்கம் விடுமா, 1803ல பெரிய செங்கல்லுக்கு ரெட்டை வரி போட்டுச்சு.

போர் விட்டுட்டுப் போனது

இதை நிதானமா பாருங்க. முதல்ல வீட்டு முன் குட்டைச் சுவரோட தலைக் கல்லை உத்துப் பாருங்க, சரியான இடைவெளி விட்டு கருப்பா சின்னச் சின்ன முளை இருக்கும். அது அறுத்தெடுத்த கம்பிக் கிராதியோட அடி. ரெண்டாம் உலகப் போர்ல இரும்பு வேணும்னு 1941ல இருந்து பூங்கா, வீடுன்னு நாடு முழுக்க அறுத்துட்டுப் போனாங்க. கீழ்த்தள வீட்டுப் பள்ளத்துக்குப் பக்கத்துல இருக்கிற கிராதி மட்டும் தப்பிச்சுது, ஏன்னா விளக்கே இல்லாத இருட்டடிப்பு ராத்திரியில ஆளுங்க தவறி விழுந்துடுவாங்க. அதனால ஒரே தெருவுல ஒரு பக்கம் பழைய கிராதியும் இன்னொரு பக்கம் வெறும் முளையும் இருந்தா குழம்பாதீங்க.

அப்புறம் தெற்கு லண்டன் போங்க, பெக்கம், டெட்ஃபோர்ட், ஓவல் பக்கம் உள்ளாட்சி கவுன்சில் கட்டின அடுக்குமாடி வீடுகள். அங்க வேலியைப் பார்த்தா கம்பி வலை நடுவுல இருக்கும், மேலயும் கீழயும் ஓடுற குழாய் ரெண்டு முனைகிட்டயும் லேசா வளைஞ்சிருக்கும். வேலிக்கு எதுக்கு வளைவு? அது வேலியே இல்ல, ஸ்ட்ரெச்சர். விமானத் தாக்குதல்ல காயம்பட்டவங்களைத் தூக்க 6 லட்சத்துக்கு மேல செஞ்சாங்க, தரையில வச்சா கை உள்ள விட்டுத் தூக்க இடம் வேணும்னுதான் அந்த வளைவு. துணியில செய்யாம இரும்புல செஞ்சதுக்குக் காரணம் விஷவாயு பயம், வாயு பட்டா துணியைச் சுத்தம் பண்ண முடியாது, இரும்பைக் கழுவிடலாம். போர் முடிஞ்சதும் ஸ்ட்ரெச்சர் குவிஞ்சு கிடக்குது, வீடுகளுக்கோ கிராதி இல்ல, லண்டன் கவுன்ட்டி கவுன்சில் அதையே நிமிர்த்தி வேலியா பத்த வச்சுடுச்சு. குழந்தைங்க அதுல சாஞ்சு விளையாடுறதை இன்னிக்கும் பார்க்கலாம். துரு பிடிச்சதால சில இடத்துல எடுத்துடுறாங்க, அதனால இதைத் தள்ளிப் போடாதீங்க.

பழைய வரிசை வீட்டுக்கு நடுவுல திடீர்னு ஒரு புதுக் கட்டடம் பல்லு மாத்தி வச்ச மாதிரி தெரிஞ்சா, அங்க குண்டு விழுந்திருக்கலாம். லண்டன் கவுன்ட்டி கவுன்சில் போர் நேரத்துல ஒவ்வொரு கட்டடத்துக்கும் கலர் அடிச்ச மேப் வச்சிருந்துச்சு, கருப்புன்னா முழுசா அழிஞ்சது, ஊதான்னா சரி பண்ணவே முடியாதது, மஞ்சள்னா சின்ன சேதம். அது இப்ப ஆன்லைன்ல இலவசமா இருக்கு, பார்த்து உறுதி பண்ணிக்கோங்க.

சுவர்ல இருக்கிற தகடும் குறியும்

நீலத் தகடு திட்டம் 1866ல ஆரம்பிச்சுது, இப்ப நடத்துறது இங்கிலிஷ் ஹெரிடேஜ். அந்த ஆள் இறந்து 20 வருஷம் ஆகியிருக்கணும்ங்கிறது விதி. காந்தி சட்டம் படிக்கும்போது தங்கின வீடு பேரன்ஸ் கோர்ட் ரோடு 20ஆம் நம்பர், 1892ல பிரிட்டிஷ் பார்லிமென்டுக்கு ஜெயிச்ச தாதாபாய் நௌரோஜி வீடு பெஞ்ச்ங்கிற பகுதியில ஆனர்லி பார்க் 72. நீலமா வட்டமா இருக்கிறது எல்லாம் இவங்க வச்சது இல்ல, யாரு வேணும்னாலும் தகடு செஞ்சு மாட்டிக்கலாம், அதனால கீழ யார் பேரு இருக்குன்னு படிங்க.

மாடி உயரத்துல சூரியன் முகம் போட்ட ஈயத் தகடு இருந்தா அது தீ இன்சூரன்ஸ் அடையாளம், 1710ல ஆரம்பிச்ச சன் ஃபயர் ஆபீஸோடது, கீழ பாலிசி நம்பர் கூட இருக்கும். தகடு இல்லாத வீடு எரிஞ்சா கம்பெனி ஆளுங்க வேடிக்கை பார்ப்பாங்கன்னு ஒரு கதை சொல்லுவாங்க, அதை நம்பாதீங்க, தீ பக்கத்து வீட்டுக்குப் பரவினா நஷ்டம் அந்தக் கம்பெனிக்குத்தான்.

சர்ச் சுவர், பாலத்தோட அடியில கல்லுல ஒரு படுக்கைக் கோடும் அதுக்குக் கீழ மூணு கோடு சேர்ந்த அம்புக்குறியும் செதுக்கியிருந்தா, அது ஆர்ட்னன்ஸ் சர்வேங்கிற பிரிட்டிஷ் மேப் துறை கடல் மட்டத்துல இருந்து உயரம் அளந்த இடம். நம்ம ஊர்ல பழைய கட்டடம், பாலத்துல ஜி டி எஸ்னு எழுத்தோட இதே அம்பைப் பார்த்திருப்பீங்க, 1802ல லாம்ப்டன்ங்கிற பிரிட்டிஷ் அதிகாரி மெட்ராஸ் பரங்கிமலை பக்கத்துல அடிப்படைக் கோடு அளந்து ஆரம்பிச்ச, இந்தியாவையே அளந்த அந்தப் பெரிய சர்வேயோட வழியில வந்தது அது.

ஒரு நாள் ரூட்

வார நாள்ல போங்க. ஹைட் பார்க் கார்னர்ல இறங்கி பிக்கடில்லில கிரீன் பார்க் பக்க நடைபாதையிலயே வாங்க. ரெண்டு இரும்புத் தூண் மேல தோள் உயரத்துக்கு ஒரு மரப்பலகை நிக்கும், பஸ் ஸ்டாப் பெஞ்ச் மாதிரி கூட இல்லையேன்னு தோணும். நம்ம ஊர் சுமைதாங்கிக் கல்லேதான் அது. முதுகுல மூட்டை தூக்கிட்டு வர்ற கூலிக்காரங்க சுமையை இறக்காமலே பலகையில சாய்ச்சு மூச்சு வாங்கிக்கட்டும்னு ஸ்லேனிங்கிற எம்.பி. சொல்லி 1861ல வச்சாங்க. பழசு சில வருஷம் முன்னாடி காணாம போயிடுச்சு, இப்ப நிக்கிறது அதே மாதிரி செஞ்சது.

அங்க இருந்து செயின்ட் ஜேம்ஸ் பக்கம் திரும்பி கிங் தெருவுல பிரெஞ்சுப் பேரரசர் மூணாம் நெப்போலியனோட நீலத் தகட்டைப் பாருங்க, 1867ல வச்சது, இன்னிக்கு மிச்சம் இருக்கிறதுலயே பழசு, அந்த 20 வருஷ விதி வர்றதுக்கு முன்னாடி, அவர் உயிரோட இருக்கும்போதே வச்சது. அப்படியே வாட்டர்லூ பிளேஸ்ல அதினியம் கிளப் வாசல்ல ரெண்டு படிக்கல், வெல்லிங்டன் பிரபு குதிரை ஏறி இறங்க 1830ல போடச் சொன்னது, கல் மேலயே எழுதியிருக்கு. 1799ல ஸ்ரீரங்கப்பட்டணத்துல திப்பு சுல்தானுக்கு எதிரா வந்த படையில கர்னலா இருந்த அதே ஆர்தர் வெல்லஸ்லிதான்.

ஸ்ட்ராண்ட் வழியா சவாய் ஹோட்டல் பக்கச் சந்து கார்ட்டிங் லேன்ல இறங்குங்க, பகல்லயும் எரியிற ஒரு கேஸ் விளக்கு இருக்கும். சாக்கடை வாயுவை வெளிய இழுத்து எரிக்க வச்சது, சாக்கடை வாயுவுலயே ஓடுதுன்னு சொல்றது தப்பு, சாதாரண கேஸ்லதான் எரியும், அந்தச் சூடு கீழ இருக்கிற வாயுவை மேல இழுக்கும். கீழ ஆத்தோரம் கிளியோபாட்ரா ஊசின்னு எகிப்துல இருந்து வந்த ஒரு உயரமான கல் தூண், பக்கத்துல இருக்கிற ஸ்பிங்க்ஸ் சிலையில ஓட்டை ஓட்டையா இருக்கும், கை வச்சுப் பாருங்க, 1917 செப்டம்பர்ல விழுந்த ஜெர்மன் குண்டோட சிதறல்.

கடைசியா ஆத்தோரமாவே டெம்பிள் பிளேஸ் போனா பச்சைக் கலர்ல ஒரு மரக்குடில் நிக்கும். குதிரை வண்டி ஓட்டினவங்க மழையில நனையாம, சாராயக் கடைக்குப் போகாம சூடா சாப்பிடட்டும்னு 1875ல இருந்து மொத்தம் 61 கட்டினாங்க, 13தான் மிச்சம். பொது ரோட்டுல நிக்கிறதால ஒரு குதிரையும் வண்டியும் அடைக்கிற இடத்தைத் தாண்டக் கூடாதுன்னு விதி. உள்ள உக்கார இன்னிக்கும் டாக்ஸி டிரைவருங்களுக்கு மட்டும்தான் அனுமதி, நமக்கு ஜன்னல் வழியா டீ தருவாங்க, மதியத்துக்குள்ள போயிடுங்க.